மெட்ராஸ் ஐ-யும் 18 மணி நேரமும்

ஒரு நோய்க்கு ஊர்ப் பேரை வச்சா அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. நாம மட்டும்தான் "மெட்ராஸ் ஐ"ன்னு உரிமையோட சொல்லிக்கிட்டுத் திரியறோம். 1996-ல ஊர் பேரு அதிகாரபூர்வமா சென்னைன்னு மாறியாச்சு. கண்ணு மட்டும் இன்னும் மெட்ராஸ்லயே நிக்குது :-)

எங்க கரையான்சாவடி பக்கம் யாராவது கண்ணு சிவந்து வந்தா போதும், டீக்கடையில நிக்கிற அத்தனை பேரும் கண் டாக்டர் ஆயிடுவாங்க. "மெட்ராஸ் ஐ-ப்பா, தள்ளி நில்லு". பத்துக்கு எட்டு தடவை அது சரியாவும் இருக்கலாம். இந்தப் பதிவு மீதி ரெண்டு தடவையைப் பத்தினது. அந்த ரெண்டுல ஒண்ணு பார்வையையே எடுத்துட்டுப் போகக் கூடியதா இருக்கும், அதுவும் சில மணி நேரத்துல.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் படிச்சிட்டு பொழைப்புக்குக் கோட் எழுதுறவன். ராத்திரி ரெண்டு மணிக்கு 'சிவியாரிட்டி ஒன்' டிக்கெட் வந்து எழுப்பினா, எது உடனே பார்க்க வேண்டியது, எது காலைல பார்த்தாப் போதும்னு பிரிக்கிறதுதான் என் வேலையில பாதி. கண் டாக்டர்கள் இதே வேலையை ரொம்ப காலமா செய்யறாங்கன்னு தெரிஞ்சப்ப, அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா பாதிக் கதை நம்ம எழும்பூர்லயும் மதுரையிலயும்தான் நடந்திருக்கு.

மெட்ராஸ் ஐ-யில் இருந்தே தொடங்கலாம். 1918 வாக்கில் சென்னையில் ஒரு கண் நோய் கொத்துக் கொத்தாகப் பரவியது. எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பேட்ரிக் அதைக் கவனித்து, 1920-ல் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். கண் சிவப்பதைத் தாண்டி, கருவிழியில் புள்ளி புள்ளியாகத் தழும்பு மாதிரி வருவதுதான் அவர் கண்ணில் பட்ட விசேஷம். கிருமி என்னன்னு அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அடினோ வைரஸைக் கண்டுபிடிச்சதே 1953-லதான். லாக் ஃபைலே இல்லாம பக்-ஐ வெளியிலிருந்து பார்த்து மட்டும் எழுதின ரிப்போர்ட் அது. பேரு நின்னுடுச்சு.

பேரு நின்னதுலதான் வினை. வீட்டிலேயே சொல்லிடற மாதிரி ஒரு பேரு கிடைச்சதும், சிவந்த கண்ணெல்லாம் அந்தப் பேருக்குள்ள அடைபட்டுப் போச்சு. மெட்ராஸ் ஐ-யில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணியா வடியும், காலைல இமை ஒட்டிக்கும், ஒரு கண்ணுல ஆரம்பிச்சு மத்ததுக்கும் போகும். பார்வை பெரும்பாலும் தெளிவாவே இருக்கும். கடுமையான வலி, மங்கலான பார்வை, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், ஒரு கண் மட்டும் சிவந்து கருவிழியில் வெள்ளையா ஒரு புள்ளி, இதில் ஏதாவது ஒண்ணு இருந்தாலும் டீக்கடை டயக்னோசிஸ் செல்லாது.

டாக்டர் முதல்ல என்ன செய்வார்? டார்ச் அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு கண்ணா மூடச் சொல்லி எழுத்து வாசிக்கச் சொல்வார். நெஞ்சுவலிக்காரருக்கு நாடி பிடிக்கிற மாதிரி இது. (இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னாடி வரும்.) அந்த எழுத்து அட்டையை நெதர்லாந்தின் ஸ்னெல்லன் வெளியிட்டது 1862-ல். கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் செஞ்சது 1850-51-ல். கருவிழியில் கீறல் இருந்தா பச்சையாப் பளிச்சுன்னு காட்டுற ஃப்ளோரசின் சாயத்தை, 1871-ல் ஒரு ஜெர்மன் வேதியியல்காரர் வேற எதுக்கோ தயாரிச்சார். அது கண்ணுக்கு வந்தது அடுத்த பத்து வருஷத்துல. நாம தாடையை வச்சு உட்காருற ஸ்லிட் லேம்ப், குல்ஸ்ட்ராண்ட் 1911-ல் காட்டியது.

இந்தத் தேதிகளை மனசுல வச்சுக்கிட்டு 1819-க்கு வாங்க. அந்த வருஷம் ராயப்பேட்டையில் ரிச்சர்ட்சன் என்கிற டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 'மெட்ராஸ் ஐ இன்ஃபர்மரி'யைத் தொடங்குகிறார். எழுத்து அட்டை கிடையாது, சாயம் கிடையாது, உள்ளே பார்க்கக் கருவி கிடையாது. மயக்க மருந்துக்கே இன்னும் 27 வருஷம் இருக்கு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் 1805-ல் ஆரம்பிச்சது, அதுக்கு அடுத்த பழைய கண் மருத்துவமனைன்னு நம்மதைத்தான் சொல்றாங்க. மூர்ஃபீல்ட்ஸ் பிறந்ததற்குப் பின்னணியும் சிவந்த கண்தான். நெப்போலியனோட எகிப்தில் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள் ஒரு தொத்துக் கண் நோயைக் கூடவே கொண்டுவந்தாங்க. நம்ம பூந்தமல்லியும் அந்தக் காலத்தில் பட்டாளத்து ஊர்தான்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள எழும்பூருக்கு மாறியது. இன்னிக்கும் அங்கேதான் அரசு கண் மருத்துவமனையா இருக்கு. 2019-ல் 200 வயசு.

அங்கே 1904-லிருந்து பத்து வருஷம் கண்காணிப்பாளரா இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். அவர்கிட்ட வந்த அவசரக் கேஸ்களில் ஒரு பெரிய பங்கு, மனுஷங்க உண்டாக்கினது. ஊர் ஊராப் போய் கண்புரை எடுக்கிற நாட்டு வைத்தியர்கள் அப்போ இருந்தாங்க. 'எடுக்கிறது'ன்னு சொல்றதே தப்பு. ஊசியால் குத்தி, மங்கிப்போன லென்ஸைப் பின்பக்கம் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவாங்க. சுஸ்ருதர் காலத்திலேயே சொல்லப்பட்ட முறை. தள்ளின அந்த நிமிஷமே நோயாளிக்கு வெளிச்சம் தெரியும், விரலை எண்ணுவார், வீட்டுக்காரங்க அழுவாங்க, வைத்தியர் காசை வாங்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவார். கொஞ்ச நாள் கழிச்சு சீழ் பிடிச்சோ, அழுத்தம் ஏறியோ கண் போகும். டெமோவுல பிரமாதமா ஓடி, ப்ரொடக்‌ஷன்ல படுத்துக்கிற சாஃப்ட்வேர் மாதிரி. டெமோ காட்டினவர் அதுக்குள்ள வேற கிளையண்ட்கிட்ட இருப்பார்.

எலியட் அந்த வைத்தியர்களைத் திட்டிட்டு மட்டும் போகலை. அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சேகரிச்சு, அறுத்துப் பார்த்து, எது எப்படிக் கெட்டதுன்னு 1918-ல் தனிப் புத்தகமே போட்டார். நம்ம பாஷையில் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். மதிப்புத் தெரிஞ்சவங்க அதை இன்னிக்கும் வாசிக்கிறாங்க.

எலியட் பேர் உலகம் முழுக்கத் தெரிஞ்சதுக்குக் காரணம் வேற. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குற குளுக்கோமாவுக்கு, வெள்ளைவிழி ஓரத்தில் குட்டி ஓட்டை போட்டு நீரை வடியவிடுற அறுவை சிகிச்சையை, 1909-ல் மெட்ராஸில் இருந்து அவர் எழுதினார். குளுக்கோமா பெரும்பாலும் சத்தமில்லாம வருஷக் கணக்கில் வர்றது. ஆனா அதுல ஒரு வகை திடீர்னு வரும். அதைக் கொஞ்சம் நின்னு சொல்லணும்.

என் நண்பனோட அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் நெத்தி வெடிக்கிற மாதிரி வலி. கூடவே வாந்தி. பக்கத்து கிளினிக்கில் கேஸ் ட்ரபிள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. இடது கண் சிவந்திருந்ததை யாரும் பெரிசா எடுத்துக்கலை, அவரும் சொல்லலை. பல்பைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரிஞ்சதை மறுநாள் மதியம் கண் டாக்டர் கேட்டப்பதான் சொன்னார். அழுத்தத்தை இறக்கினாங்க. ஆனா அந்தக் கண்ணுல இப்போ ஜன்னல் தெரியும், ஜன்னல்ல நிக்கிறது யாருன்னு தெரியாது.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓடிக்கிட்டே இருக்கு. வெளியேறுற மூலை சிலருக்குப் பிறவியிலேயே குறுகல். இருட்டில் பாப்பா விரியும்போது அந்த மூலை மொத்தமா அடைச்சுக்கும். நீர் சுரக்கிறது நிக்காது, வடிகால் மட்டும் அடைப்பு. ஆற்காடு ரோட்டில் மழைத் தண்ணி நிக்கிற அதே கணக்கு. 1857 வரைக்கும் இதுக்குச் செய்ய எதுவுமே இல்லை. அந்த வருஷம் பெர்லினில் ஃபான் கிரேஃப், கருவளையத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அழுத்தம் இறங்கும்னு காட்டினார். 1876-ல் லாக்வர், பாப்பாவைச் சுருக்குற ஒரு ஆப்பிரிக்கக் கொட்டையின் சத்தைப் பயன்படுத்தினார். 1954-ல் அசெட்டசோலமைடு மாத்திரை. இப்போ அழுத்தத்தை மருந்தால் இறக்கிட்டு, லேசரால் கருவளையத்தில் பொடி ஓட்டை போடறாங்க. நல்லா இருக்கிற அடுத்த கண்ணுக்கும் சேர்த்து. இவ்வளவு இருந்தும் எல்லாமே, வாந்தி எடுக்கிறவரோட கண்ணை யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கறதுல இருக்கு.

இனி எங்க பக்கத்துக் கதை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடியில் டாங்கி ஃபேக்டரி. இதைச் சுத்தி இந்த ஏரியா முழுக்க சின்னச் சின்ன லேத் பட்டறை, வெல்டிங் கடை, கிரைண்டிங் கடை. எங்க தெருமுனையிலும் ஒரு லேத் உண்டு. அங்கே ஒரு பையனுக்குக் கண்ணுல இரும்புத் தூள் விழுந்தா பக்கத்துல நிக்கிறவர் தீக்குச்சி முனையில் கைக்குட்டையைச் சுத்தி எடுத்துவிடுவார். அவரை அங்கே 'ஸ்பெஷலிஸ்ட்'னே கூப்பிடுவாங்க. "அண்ணே, கண்ணாடி போடலாமே"ன்னு கேட்டேன். "போட்டா வேர்த்து மங்குது தம்பி, மங்கினா வெரலு போயிடும்"னார். விரலா கண்ணான்னு அவர் தினமும் கணக்குப் போடறார்.

கண்ணில் விழுந்த இரும்பை எடுக்கிற வரலாறு ரசமானது. 1624-ல் சுவிட்சர்லாந்தில் ஒருத்தர் கருவிழியில் இரும்புத் துணுக்கு குத்திக்கிச்சு. பெரிய சர்ஜனான ஃபாப்ரி ஹில்டானுஸ் என்னென்னவோ செஞ்சும் வரலை. அவர் மனைவி மரி கொலினே, அவங்களும் சர்ஜன்தான், "காந்தக் கல்லை வச்சுப் பாருங்களேன்"ன்னாங்க. வந்துடுச்சு. ஐடியா மனைவியோடதுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். அந்தக் காலத்துக்கு இது அபூர்வ நேர்மை. 250 வருஷம் கழிச்சு, 1879-ல் பெர்லினில் ஹிர்ஷ்பெர்க் மின்காந்தத்தைக் கையடக்கமா செஞ்சார். 1892-ல் சூரிச்சில் ஹாப், ஆளையே உட்கார வைக்கிற ராட்சச காந்தம் செஞ்சார். நடுவில் 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கெயின் கரைசலை ஒரு சொட்டு விட்டா கண் மரத்துப்போகும்னு கண்டுபிடிச்சார். அதுக்கு முன்னாடி கருவிழியில் குத்தினதை எடுத்தது எல்லாமே முழு உணர்வோட இருந்த கண்ணில்.

இப்போ எப்படி? கருவிழி மேல ஒட்டியிருக்கிற தூளை, மரத்துப்போற சொட்டு விட்டு, ஸ்லிட் லேம்ப்புல பார்த்து, ஊசி முனையால் எடுத்துடறாங்க. அஞ்சு நிமிஷ வேலை. இரும்பு ஒரு நாள் தங்கினாலே சுத்தித் துரு வளையம் விழும், அதையும் சுரண்டணும். தீக்குச்சி 'ஸ்பெஷலிஸ்ட்' தூளை எடுத்திருக்கலாம். துருவும், குச்சியில் இருந்த கிருமியும் அங்கேயே இருக்கும்.

ஆனா நிஜமா பயப்பட வேண்டியது உறுத்துற தூளுக்கு இல்லை. சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறிக்கிற சில்லுக்கு. வேகமா வர்ற பொடிச் சில்லு கண்ணைத் துளைச்சு உள்ளே போயிடும். வலியே இல்லாம இருக்கலாம், வெளியில் ஒரு புள்ளிகூடத் தெரியாமப் போகலாம். "சுத்தி அடிச்சீங்களா?"ன்னு கேட்கிற டாக்டர்தான் கண்டுபிடிப்பார். உள்ளே தங்கின இரும்பு மெதுவாக் கரைஞ்சு விழித்திரையைக் கெடுக்கும். எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுப்பாங்க. எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது, அதுவே ஒரு காந்தம், உள்ளே இருக்கிற சில்லை இழுக்கும். கண்ணைத் துளைச்சிருக்குன்னு சந்தேகம் வந்தாலே கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, சொட்டு மருந்து கூடாது, குத்தி நிக்கிறதைப் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கப்போட அடிப்பாகத்தை வெட்டி, கண்ணை அழுத்தாம மேல வச்சு டேப் ஒட்டி, அப்படியே கூட்டிட்டுப் போகணும். கப் டீக்கடையிலேயே கிடைக்கும். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால சாப்பிட எதுவும் கொடுக்காம.

வெல்டிங்காரங்களுக்கு வேற மாதிரி. பகல்ல ஒண்ணும் தெரியாது, நடுராத்திரி கண்ணுக்குள்ள மிளகாய்த் தூள் கொட்டின மாதிரி எழுப்பும். ஒண்ணு ரெண்டு நாள்ல தானா ஆறிடும். இதுல ஆபத்து மரத்துப்போற சொட்டை யாராவது வீட்டுக்குக் கொடுத்து அனுப்புறதுதான். கொல்லரோட அந்த அற்புதம் திரும்பத் திரும்ப விட்டா கருவிழியை ஆறவே விடாது.

முன்னாடி சொன்ன விதிவிலக்கு இப்போ. ரசாயனம் பட்டா எழுத்து அட்டை, பேரு, வயசு எல்லாம் அப்புறம். முதல்ல தண்ணி. நம்ம ஊர்ல இந்த ரசாயனத்துக்குப் பேரு பெரும்பாலும் சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப தெறிக்கும். அதைவிட மோசம், புகையிலையோட சேர்க்க விக்கிற குட்டிச் சுண்ணாம்புப் பாக்கெட். பசங்க எடுத்து அமுக்கி விளையாடும், மூஞ்சிக்கு நேரா பீச்சும். அமிலம் பட்டா கண்ணோட மேல் திசு வெந்து கெட்டியாகி அதுவே ஓரளவு தடுப்பாயிடும். காரம் அப்படி இல்லை. கொழுப்பை சோப்பாக்கிக் கரைச்சுக்கிட்டு உள்ளே உள்ளே போய்க்கிட்டே இருக்கும். சிமெண்ட்டும் இதே சாதி. மெட்ரோ தூண் எழும்பின வருஷங்கள்ல எங்க ரோட்டில் பைக்கில் போனவங்களுக்கு அது நல்லாத் தெரியும்.

"சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குமே"ன்னு கேட்பீங்க. நீர்த்துப்போகாத கல் சுண்ணாம்புத் தூளா இருந்தா, முதல்ல ஒட்டியிருக்கிறதைத் தட்டிவிட்டுட்டு நிறையத் தண்ணி விடணும். பாக்கெட்டில் இருக்கிறது ஏற்கனவே நீர்த்தது. குழாய்த் தண்ணி, கேன் தண்ணி, எது கையில் சுத்தமா இருக்கோ அது, இமையைப் பிரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது அரை மணி நேரம். ஆட்டோ பிடிக்கிறது அப்புறம். ஆஸ்பத்திரியில் இமையைத் திருப்பி ஒளிஞ்சிருக்கிற துணுக்கை எடுத்துட்டு, லிட்மஸ் காகிதத்தை வச்சுப் பார்த்து, சமநிலைக்கு வர்ற வரைக்கும் கழுவிக்கிட்டே இருப்பாங்க. பத்தாம் கிளாஸ் லேப்ல ஏன் இதைக் கத்துக்கறோம்னு கேட்டவங்களுக்கு இதோ பதில்.

அடிபடாம, எதுவும் விழாம கண் கரைஞ்சு போற ஒரு அவசரமும் நம்ம பக்கம் இருந்தது. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி சுதந்திரத்துக்கு முன்னாடியே இருக்கு. 1988-ல் இருந்து தேசிய நிறுவனத்தோட மண்டல மையமும் டிரங்க் ரோட்டில் இருக்கு. வெள்ளைக் குச்சியோட பசங்க ரோடு தாண்டறது எங்க ஊர்ல சகஜமான காட்சி, பஸ் டிரைவர்களே கை காட்டி நிறுத்துவாங்க. போன நூற்றாண்டில் இந்த நாட்டுக் குழந்தைகளோட பார்வையைப் பறிச்சதில் பெரிய காரணம் ஒண்ணு வைட்டமின் ஏ பற்றாக்குறை. வயிற்றுப்போக்கோ தட்டம்மையோ வந்து ஓய்ஞ்சிருக்கிற குழந்தைக்கு, முதல்ல மாலைக்கண், அப்புறம் கண் வறளும், அப்புறம் கருவிழி மெழுகு மாதிரி உருகிடும். கடைசிக் கட்டம் ஒண்ணு ரெண்டு நாள்லயே முடிஞ்சிடும். பெரிசா சிவக்கவும் சிவக்காது. அழக்கூடத் தெம்பில்லாத குழந்தை.

எலியட்டுக்கும் கிர்க்பேட்ரிக்குக்கும் பின்னாடி எழும்பூருக்கு வந்த ஆர்.ஈ. ரைட், 1922-ல் தென்னிந்தியாவில் இந்த நோயைப் பத்தி விரிவா எழுதினார். வைட்டமின் ஏ-ன்னு ஒண்ணு இருக்கிறதே அப்போ பத்து வருஷத்துக்குள்ள தெரிஞ்ச சங்கதி. மருந்து மீன் எண்ணெய், வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் அய்க்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, சிவப்புப் பாமாயிலைக் கொடுத்துப் பார்த்து எழுதினாங்க. கண் டாக்டர் ஒருத்தர் கத்தியை வச்சிட்டு எண்ணெய்க் கரண்டியை எடுத்த இந்த இடம்தான் மொத்த வரலாற்றிலும் எனக்குப் பிடிச்சது. அரசாங்கம் ஆறு மாசத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிற திட்டம் 1970-ல்தான் வந்தது. முப்பத்து மூணு வருஷ இடைவெளி.

தலைப்பில் இருக்கிற 18 மணி நேரத்துக்கு வந்துட்டோம்.

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம், நேமம் பக்கம் போனா இன்னும் வயல் இருக்கு. அறுவடையில் நெல் தாள் கண்ணில் கீறும், உமி தெறிக்கும். சின்னக் கீறல், ஒரு நாளில் ஆறிடலாம். ஆறலைன்னா அந்தக் கீறல் வழியா பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய் கருவிழியில் புண். மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரங்க 1990-களில் இதை எண்ணிப் பார்த்தாங்க. மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் மினசோட்டாவின் ஒரு மாவட்டத்தில் அதே கணக்கு 11. பத்து மடங்கு. 1997-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மூணு மாசத்தில் வந்த 434 பேரில் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் ஏதோ பட்ட காயம் முன்னாடியே இருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் கிட்டத்தட்ட பாதி பூஞ்சை.

அந்தக் காயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில்தான் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், இலைச்சாறு எல்லாம் வருது. அது போதாதுன்னு மருந்துக் கடையில் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க". கொடுக்கிறதில் ஸ்டீராய்டு கலந்திருந்தா சிவப்பு ஒரே நாளில் குறையும், வலி குறையும், அடியில் பூஞ்சை திருவிழா கொண்டாடும். எரர் மெசேஜை மட்டும் மறைச்சு வச்ச பேட்ச் அது.

இங்கேதான் நேபாளம் வருது. பக்தபூரில் உபாத்யாயா குழு, கிராமத்து சுகாதாரத் தொண்டர்களுக்கு நீலவிளக்கும் சாயமும் கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவங்களைப் பார்த்து, மூணு நாளைக்குக் குளோரம்ஃபெனிகால் களிம்பு போடச் சொன்னது. விலை குறைஞ்ச பழைய மருந்து. 2001-ல் முடிவு வெளிவந்தது. அப்படிச் சிகிச்சை பெற்றவங்க 442 பேர். காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவங்க 284 பேர், அதில் ஒருத்தருக்குக்கூட புண் வரலை. 18-லிருந்து 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் தாண்டி, ரெண்டாம் நாள் வந்த 49 பேரில் 14 பேருக்கு. அதே களிம்பு, அதே தொண்டர், அதே ஊர். மாறினது கடிகாரம் மட்டும். அந்த எண்களை முதல் தடவை படிச்சப்ப லேப்டாப்பை மூடி வச்சிட்டு எழுந்து நடந்தேன்.

கதை இதோட முடிஞ்சிருந்தா அழகா இருந்திருக்கும். அதே நேபாளத்தில் பிறகு பெரிய அளவில், கிராமங்களைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் இந்தத் தொண்டர்களைக் கொடுத்துச் சில வருஷம் பார்த்தாங்க. 2022-ல் வந்த முடிவு, ரெண்டு பக்கமும் புண் வந்த விகிதம் கிட்டத்தட்ட சமம். ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 1.2, இங்கேயும் அங்கேயும். நான் இதை இப்படிப் புரிஞ்சுக்கறேன். முதல் ஆய்வு எண்ணினது வந்தவங்களை. ரெண்டாவது எண்ணினது ஊரையே. களிம்பு வேலை செய்யாமப் போயிருக்காது, கீறல் பட்டவங்களில் எத்தனை பேர் அன்னிக்கே வந்தாங்க என்பதுதான் கேள்வியா இருக்கணும். தெருமுனை லேத்தில் அந்தப் பையன் தீக்குச்சிக்காரர்கிட்ட போறதுக்கும், அறுப்பு முடியட்டும்னு ஒரு அம்மா ரெண்டு நாள் முந்தானையால் ஒத்திக்கிட்டே இருக்கிறதுக்கும் காரணம் அறியாமை இல்லை. அரைநாள் கூலி. அதுக்குக் களிம்பு கிடையாது.

எங்க பக்கம் இப்போ தூரம் ஒரு சாக்காக இருக்க முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பல்கிட்ட 2017-ல் அரவிந்தே வந்தாச்சு. கரையான்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். பழைய எழும்பூர் அங்கேயேதான் இருக்கு, காசு வாங்காம. லேத் அண்ணன்கிட்ட நூம்பல் விஷயத்தைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழம உண்டா?"ன்னு கேட்டார்.

கொசுறு: ரெண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலருக்கு, விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைஞ்சு கண்ணுக்குள் துண்டுகள் தங்கிப்போச்சு. இரும்பு மாதிரி அது கண்ணைக் கெடுக்கலைன்னு கவனிச்சவர் ஹரால்டு ரிட்லி. அதே வகை பிளாஸ்டிக்கில் லென்ஸ் செஞ்சு 1949-ல் கண்புரை நோயாளிக்கு வச்சார். அந்த லென்ஸை 1992-லிருந்து மதுரையில் அரோலேப் குறைஞ்ச விலைக்குச் செய்யுது. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி கண்ணுல இருக்கிறது அதுவாகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்க.